கடலில் கொட்டிய எண்ணெயும் கடவுள் செயலும்

(மதுரையில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



கடலில் எண்ணெய் கொட்டினால் கரையில் குடியிருக்கிற மக்களுடைய உடம்புக்கு என்ன கெடுதி வருகிறது என்பதைப்பற்றி இன்று நான் பேசப்போகிறேன். மதுரைக்கு வந்து கடலைப்பற்றிப் பேசுகிறானே, இவனுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலிருந்து வந்திருக்கிற தோழர்களிடம் கண்மாயைப்பற்றிப் பேசினால் கேட்பார்கள்; வைகையைப்பற்றிப் பேசினாலும் கேட்பார்கள். கடல் நமக்கு எங்கே இருக்கிறது? எண்ணெய் என்றாலும் நமக்கு ஞாபகம் வருவது சனிக்கிழமை முழுக்கும், சனீஸ்வரனுக்கு ஏற்றுகிற எள் விளக்குந்தானே தவிர, கப்பலும் ஆலையும் அல்லவே!

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள்? அநேகம்பேர் மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்திருப்பீர்கள். அவைகளில் எரிந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? சென்னைக்கு வடக்கே மணலியில் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்கிற சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 1969-ல் வேலை தொடங்கிய ஆலை. வருஷத்துக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கக்கூடியது. அங்கிருந்து திருச்சிக்கும் மதுரைக்குமாக ஏறக்குறைய 680 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் குழாய் பதித்து, பெட்ரோலும் டீசலும் அனுப்புகிறார்கள். ஆகவே எண்ணெய் நம் ஊருக்கு வருகிறது. அதனுடைய கசடு எண்ணூர்க்காரன் வீட்டு வாசலுக்குப் போகிறது. சௌகரியம் ஒருவனுக்கு, நாற்றம் மற்றொருவனுக்கு என்று பிரித்துவைக்கிற ஏற்பாட்டை நாம் இதற்கு முன்னும் எங்கேயோ பார்த்திருக்கிறோமல்லவா? அதனால்தான் இது சுயமரியாதை மேடையில் பேசவேண்டிய விஷயம் என்று சொல்லுகிறேன்.

நடந்தது என்ன?

2017 ஜனவரி 28-ந் தேதி விடியற்காலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று பி.டபிள்யூ. மேப்பிள், மற்றொன்று டான் காஞ்சிபுரம். கப்பலிலிருந்த கனத்த எண்ணெய் கடலில் கொட்டி, எண்ணூரிலிருந்து தெற்கே சென்னைக் கடற்கரை நெடுகக் கரியாக அப்பிக்கொண்டது. முதலில் அதிகாரிகள் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு கரைக்கு வந்ததை எடுக்கப்போனால், உறிஞ்சுகிற இயந்திரத்துக்கு அது வசப்படவில்லை, அவ்வளவு கெட்டி. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் கூலியாட்களும் வாளியைக் கையிலெடுத்து அள்ளினார்கள். சந்திரனுக்கு விண்கலம் அனுப்பிய தேசத்தில், எண்ணெயை அள்ளுவதற்குக் கிடைத்த கருவி பிளாஸ்டிக் வாளி!

அதே மாதத்தில்தான் நீங்கள் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் ஜல்லிக்கட்டுக்காக இரவு பகலாகக் கூடியிருந்தீர்கள். அது ஓய்ந்து ஒரு வாரத்துக்குள் இது நடந்தது. மாட்டுக்காகக் கூடினதை நான் குற்றம் சொல்லவில்லை. கூடத் தெரிந்த ஜனங்கள் மனிதனுடைய நுரையீரலுக்காகவும் கூடலாமே என்றுதான் சொல்லுகிறேன்.

பிறகு 2023 மார்ச்சில் நாகூர்ப் பட்டினச்சேரியில், கடற்கரையில் பதித்திருந்த கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. இதுவும் மேற்படி கம்பெனியாருடைய குழாய்தான். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று ஊரார் முறையிட்டார்கள். குழாயையே எடுத்துவிட வேண்டுமென்று கிளர்ச்சி செய்தார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மழை வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும், எண்ணூர்க் கழிமுகத்துக்கும், அங்கிருந்து கடலுக்கும் போயிற்று. இந்தத் தடவை எண்ணெய் கரையில் மட்டும் நிற்கவில்லை. ஜனங்களுடைய வீட்டுக்குள்ளேயே வெள்ளத்தோடு நுழைந்தது. சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. துணி, பாய், அரிசிப்பானை எல்லாவற்றிலும் எண்ணெய். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களில் படகும் வலையும் கெட்டன. பறக்க முடியாமல் கூழைக்கடாக்கள் எண்ணெயில் ஊறி உட்கார்ந்திருந்த படத்தை நீங்கள் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பறவையின் படத்தை எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பறவை உட்கார்ந்திருந்த அதே சேற்றில் நின்று வெறுங்கையால் எண்ணெயை அள்ளிய மனிதனுடைய கையை எத்தனைபேர் பார்த்தார்கள்?

எண்ணெய் உடம்பில் செய்வது என்ன?

கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அதில் இலேசானவை பென்சீன், டொலுவீன், சைலீன் என்று சொல்லப்படுபவை. இவைகள் எண்ணெய் கொட்டிய முதல் சில மணி நேரங்களிலும் முதல் சில நாட்களிலும் ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. மூக்கு வழியாக உள்ளே போனால் தலைவலி, மயக்கம், குமட்டல், தொண்டைக் கரகரப்பு, கண் எரிச்சல், இருமல் உண்டாகும். ஆஸ்துமாக்காரனுக்கு அதிகமாகும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகவே ஆகாது. இதில் பென்சீன் என்பது நீண்டநாள் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தாரே முடிவு கட்டியிருக்கிறார்கள்.

கனமானவை ஆவியாகாமல் தங்கிவிடும். சேற்றில் படியும், கல்லில் ஒட்டும், தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் புண்ணும் உண்டாகும். மீனின் உடம்பு இந்த விஷத்தை ஓரளவு சிதைத்து வெளியேற்றிவிடும். சிப்பி, மட்டி முதலியவைகளால் அவ்வளவு முடியாது. ஆகவே கழிமுகத்துச் சேற்றில் கைவிட்டு இறாலும் நண்டும் மட்டியும் பிடித்துப் பிழைக்கிற ஏழைப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் இடி. இடுப்பளவு எண்ணெய்த் தண்ணீரில் நிற்பவளும் அவள்தான். விற்காமல் மிஞ்சியதை வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறவளும் அவள்தான்.

இன்னொரு நோயும் உண்டு. அது வெளியே தெரியாது. கடலுக்குப் போக முடியவில்லை. போய்ப் பிடித்துவந்தாலும் எண்ணூர் மீனா என்று கேட்டு வாங்க மறுக்கிறார்கள். கடன்காரன் வாசலில் நிற்கிறான். இந்தக் கவலையில் தூக்கம் போகிறது, மனம் சோர்கிறது. 1989-ல் அலாஸ்காவில் எக்சான் வால்டஸ் என்ற கப்பல் தட்டி எண்ணெய் கொட்டியபோது, அந்தக் கரை ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்ததை டாக்டர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இதுவும் வியாதிதான், பேய் பிடித்ததல்ல.

நான் இப்படிச் சொல்லுவதால், எண்ணெயைத் தொட்டவனுக்கெல்லாம் புற்றுநோய் வந்தே தீரும் என்று பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். பயமுறுத்திக் காசு பறிப்பது புரோகிதன் வேலை. எவ்வளவு எண்ணெய், எத்தனை நாள், எவ்வளவு பக்கத்தில் என்பதைப் பொறுத்துத்தான் கெடுதியின் அளவு. அநேகருக்குத் தலைவலியும் கண் எரிச்சலும் சில நாளில் நின்றுவிடும். ஆனால் யாருக்கு நின்றது, யாருக்கு நிற்கவில்லை என்பது, பரிசோதித்துப் பார்த்தவனுக்குத்தானே தெரியும்?

தலைவிதி மைல்கல் பார்த்து வருமா?

நம்முடைய ஜனங்களிடம் போய்க் கேட்டால் என்ன சொல்லுகிறார்கள்? எங்கள் தலையெழுத்து என்கிறார்கள். கடல் தாய்க்குக் கோபம் என்கிறார்கள். எந்த ஜன்மத்துப் பாவமோ என்கிறார்கள். படித்தவர்களும், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எப்போதுமே இருமல்தான் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள்.

இதற்குக் கராச்சியில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 2003 ஜூலையில் டாஸ்மன் ஸ்பிரிட் என்ற எண்ணெய்க் கப்பல் கராச்சித் துறைமுகத்தின் வாயிலில் தரைதட்டிப் பிறகு பிளந்தது. அப்போது அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கரையை ஒட்டிக் குடியிருந்தவர்களையும், 2 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்தவர்களையும், 20 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்தவர்களையும் தனித்தனியாக விசாரித்தார்கள். கண் எரிச்சல், தொண்டை வலி, இருமல், தலைவலி முதலியவை கரையில் இருந்தவர்களுக்கு அதிகம். தள்ளிப்போகப் போகக் குறைவு.

தோழர்களே! இதன் அர்த்தம் என்ன? தலையெழுத்தாயிருந்தால் அது கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து பார்த்துக்கொண்டு வருமா? பூர்வ ஜன்மத்துப் பாவம் செய்தவர்களெல்லாம் ஒன்றாகத் திட்டம் போட்டுக் கடற்கரையில்தான் வீடு கட்டினார்களா? கடவுள் கோபம் 20 கிலோமீட்டருக்கு அப்பால் ஆறிவிடுகிறதா? தூரத்தைப் பொறுத்துக் குறைகிறது என்றால் அது புகை, அது நஞ்சு, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்றுதான் ஏற்படுகிறது. காரணம் இருந்தால், அந்தக் காரணத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான். இதைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்கிற பயந்தான், நம்மைத் தலையெழுத்தைப் பார்த்து அழச்சொல்லுகிறவர்களுக்கு.

மற்ற தேசத்தார் என்ன செய்தார்கள்? ஸ்பெயினில் 2002-ல் பிரஸ்டீஜ் என்ற கப்பல் மூழ்கியபோது, எண்ணெயை அள்ளப்போன மீனவர்களை ஒரு வருஷத்துக்கு மேலான பிறகும் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். எவ்வளவு அதிக நாள் அள்ளினார்களோ அவ்வளவுக்கு மூச்சுக்கோளாறு அதிகமாயிருந்தது தெரிந்தது. கொரியாவில் 2007 டிசம்பரில் தேயான் கடற்கரையில் ஹீபெய் ஸ்பிரிட் என்ற கப்பலின் எண்ணெய் கொட்டியபோது, அந்த ஊர் மக்களின் உடல்நிலையை வருஷக்கணக்கில் கவனிப்பதற்கென்றே ஒரு நிலையம் ஏற்படுத்தினார்கள். அமெரிக்காவில் 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த பிறகு, சுத்தம் செய்ய வந்தவர்களில் ஏறக்குறைய 33,000 பேரைப் பெயர் எழுதி வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள்.

நம் சர்க்கார் 2023 டிசம்பரில் என்ன அறிவித்தது? 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாய்; 787 படகுகளைச் செப்பனிடப் படகுக்கு 10,000 ரூபாய்; வேறு 6,700 குடும்பங்களுக்கு 7,500 ரூபாய்; ஆக மொத்தம் சுமார் 8 கோடியே 68 லட்சம். கொடுத்ததை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஜாபிதாவைப் படித்துப் பாருங்கள். படகுக்குக் கணக்கு இருக்கிறது. நுரையீரலுக்குக் கணக்கு எங்கே? எண்ணெயை அள்ளிய ஒவ்வொருவனுடைய பெயரையும் ஒரு புத்தகத்தில் எழுதி, அவனை ஐந்து வருஷம், பத்து வருஷம் சோதித்துக்கொண்டு வருகிற ஏற்பாடு எங்கே என்று எந்தக் கட்சி ஆண்டாலும் நாம் கேட்கவேண்டாமா? எண்ணாத வியாதி இல்லாத வியாதியாகப் போய்விடும். பத்து வருஷம் கழித்து அவன் இருமிச் செத்தால், பீடி குடித்தான், செத்தான் என்று எழுதிவிடுவார்கள்.

சட்டத்துக்குள் நுழைந்த கடவுள்

கடவுளைக் கோவிலில் மாத்திரந்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கம்பெனிக்காரனுடைய வக்கீல் பையிலும் ஒரு கடவுள் உண்டு. ஆங்கிலேயர் சட்டத்தில் கடவுள் செயல் என்றே ஒரு வாசகம் இருக்கிறது. புயல், வெள்ளம், பூகம்பம் இவைகளால் நஷ்டம் வந்தால், அது கடவுள் செய்தது, எங்கள்மேல் பாத்தியமில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். குடிசைக்காரனுக்குக் கடவுள் செயல் என்றால் பட்டினி. கம்பெனிக்காரனுக்குக் கடவுள் செயல் என்றால் இலாபம்!

எண்ணூரிலும் வெள்ளந்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. ஆனால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தார் ஆராய்ந்து, ஆலையில் மழைநீரைக் கையாளுகிற ஏற்பாடு போதாமலிருந்ததையும், அதனால் எண்ணெய் வெள்ளத்தோடு வெளியே போனதையும் பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுத்துச் சொன்னார்கள். புயலோ சொல்லாமல் வரவில்லை. வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் முன்கூட்டியே சொல்லி, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று. குடியானவன்கூட மழை வருமென்றால் களத்து நெல்லை மூடிவைக்கிறான். இலட்சக்கணக்கான டன் எண்ணெயை வைத்துக்கொண்டிருப்பவன், சென்னையில் 2015-ல் அவ்வளவு பெரிய வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிறகும், மழைத் தண்ணீருக்குத் தகுந்த வழி செய்துவைக்கவில்லை என்றால் அது கடவுள் செயலா, மனிதன் செய்யாத செயலா?

நல்லவேளையாக, நம் தேசத்துச் சுப்ரீம் கோர்ட் 1986-ல், டில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஆவி கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் செய்கிறவன் அதனால் வருகிற கேட்டுக்கு முழுப் பொறுப்பாளி, எந்தச் சாக்கும் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2010-ம் வருஷத்துப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும், தவறு யாருடையது என்று ரூபிக்காவிட்டாலும் நஷ்டஈடு உண்டு என்று எழுதியிருக்கிறது. ஆகவே கோர்ட்டிலேயே கடவுளுக்கு வேலை போய்விட்டது. நம்முடைய ஜனங்களின் மனதில் மட்டும் இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறார்!

எண்ணெயும் ஜாதியும்

இராமேஸ்வரத்தில் அக்கினி தீர்த்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். மதுரை வழியாகத்தான் வடநாட்டு யாத்திரிகர்கள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். அதுவும் கடல், எண்ணூரிலிருப்பதும் அதே கடல். நாளைக்கு அக்கினி தீர்த்தத்தில் பத்து வாளி கச்சா எண்ணெய் மிதந்தால் என்ன நடக்கும்? டில்லியிலிருந்து மந்திரிகள் பறந்து வருவார்கள், யந்திரங்கள் வந்துவிடும், பரிகார ஹோமம் வளர்ப்பார்கள். அது பாவத்தைக் கழுவுகிற தண்ணீர். எண்ணூரில் இருப்பது வயிற்றைக் கழுவுகிற தண்ணீர். அதனால் அவசரமில்லை!

அந்த எண்ணெயை அள்ளினவர்கள் யார் என்றும் பாருங்கள். கடலோடிகளும், கழிமுகத்தில் கைவைத்துப் பிழைக்கிற ஒடுக்கப்பட்ட மக்களும், தினக்கூலிகளும். கையுறை சிலருக்கு, முகத்துணி சிலருக்கு, பலருக்கு ஒன்றுமில்லை. முகத்தில் கட்டுகிற துணியோ தூசியைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த முகமூடி வேண்டும். பாஸ்டர்களும் பட்டர்களும் மௌலவிகளும் வந்து ஒரு வாளி அள்ளினார்களா? அந்த நாற்றத்துக்கென்று பிறந்தவர்கள் வேறே இருக்கிறார்கள் என்பதுதானே நம் நாட்டுத் தர்மம்?

இது எண்ணூரோடு போகவில்லை. 2022 ஏப்ரலில் இதே மதுரையில், பழங்காநத்தம் நேரு நகரில், கழிவுநீர்க் கிணற்றில் இறங்கி மூன்று தொழிலாளிகள் விஷவாயுவில் செத்தார்கள். வெறும் உடம்போடு விஷத்தில் இறக்கிவிடுவது என்கிற காரியம் அங்கேயும் ஒன்றுதான், இங்கேயும் ஒன்றுதான். மலம் என்றாலும் எண்ணெய் என்றாலும் வெறுங்கை ஒரே ஜனங்களுடைய கையாகத்தான் இருக்கிறது. மதுரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

நாம் செய்யவேண்டியது

வெறும் வசைபாடிவிட்டுப் போக நான் வரவில்லை. கரையோரத்தில் உங்களுக்கு உறவினர் சிநேகிதர் இருந்தால் இதைச் சொல்லுங்கள். எண்ணெய் நாற்றம் வந்தால் முதல் காரியம் குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும், மூச்சுக்கோளாறு உள்ளவர்களையும் தள்ளி அனுப்பிவிடவேண்டும். வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது. தோலில் பட்ட எண்ணெயைப் போக்க மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் தேய்க்கிற பழக்கம் இருக்கிறது. அது புண்ணில் கோல் வைத்துக் குத்துவதுபோல. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். எண்ணெய் பட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. சிப்பி, மட்டி, நண்டு முதலியவைகளைச் சோதித்துச் சொல்லுகிறவரை உண்ணக்கூடாது. கண் எரிச்சலோ இருமலோ வந்தால் மந்திரிக்கப் போகாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் பட்டது என்பதைச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். அந்தச் சீட்டுத்தான் நாளைக்குச் சாட்சி. தாயத்து எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்லாது.

சர்க்காரிடமும் கம்பெனியாரிடமும் நாம் கேட்கவேண்டியவை நாலு. எண்ணெயை அள்ளுவதற்கு யந்திரமும், பழகிய ஆட்களும், தக்க கவசமும் வேண்டும்; மீனவனுடைய வறுமையைக் கருவியாக்கக்கூடாது. காற்றிலும் மீனிலும் விஷம் எவ்வளவு என்று அளந்து அந்தந்தக் குப்பத்திலேயே தமிழில் எழுதி ஒட்டவேண்டும். எண்ணெய் பட்டவர்கள், அள்ளியவர்கள் எல்லோரையும், படகு இல்லாதவர்களையும் பெண்களையும் உட்பட, பதிவு செய்து வருஷக்கணக்கில் வைத்தியப் பரிசோதனை செய்யவேண்டும். வியாதிக்கும் நஷ்டஈடு கொடுக்கவேண்டும்; அதைக் கொட்டினவனே கொடுக்கவேண்டும்.

இவைகளை மீனவர்கள் மட்டும் கேட்டால், சின்ன ஜாதி, சின்னக் கூட்டம் என்று தள்ளிவிடுவார்கள். குழாயின் இந்த முனையில் இருக்கிற மதுரைக்காரனும் சேர்ந்து கேட்டால் தள்ள முடியாது. எண்ணெயை வாங்குகிறவன் நாம். ஆதலால் கேட்கிற பாத்தியதை நமக்கு உண்டு. கேட்காமலிருந்தால் குற்றத்தில் பங்கும் உண்டு.

தோழர்களே! ஒருவனுக்கு வந்த நோய்க்குக் காரணம் எது என்று கேட்பதுதான் பகுத்தறிவு. அந்தக் காரணத்தை உண்டாக்கினவன் யார் என்று கேட்பதுதான் சுயமரியாதை. முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்காமல் நின்றுவிட்டால் நாம் அரைப் பகுத்தறிவுக்காரர்கள்தான். நான் சொன்னதை அப்படியே நம்பவேண்டாம். எண்ணூருக்கு ஒருதரம் போய், கரையில் உள்ளவர்களிடம் நேரில் விசாரித்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். தப்பென்று பட்டால் தள்ளிவிடுங்கள்.